இடது பக்கத்து பிரேக்

லைட் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. சொன்னால் கடைக்காரர் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. கடைக்குள் வந்ததிலிருந்து என் யோசனை இந்த மூன்று வாக்கியத்துக்குள்ளேயே சுற்றுகிறது, கிளட்சை எப்போது விடுவது என்று தெரியாத பெண் வண்டியை எடுத்து எடுத்து அணைப்பது போல. காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடை. சுவர் முழுக்கக் கம்ப்யூட்டர் பெட்டிகள். பெட்டி என்றால் நான் மனதில் வைத்திருந்த தகரப் பெட்டி இல்லை. ஒரு பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்குள் காற்றாடிகள், ஒவ்வொரு காற்றாடியைச் சுற்றியும் வளையமாக விளக்கு. சிவப்பு ஓடுகிறது, அதைத் துரத்திக்கொண்டு பச்சை, அதன் பின்னால் நீலம், பிறகு எல்லாம் ஒரேயடியாக அணைந்து ஒரேயடியாக எரிகிறது. கோனியம்மன் தேர் வரும் வீதியில் கட்டியிருப்பார்களே சீரியல் செட், அதை மடித்து ஒரு கண்ணாடி டப்பாவுக்குள் திணித்த மாதிரி. நான் பார்ப்பது விளக்கை இல்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மிருதுளாவை. என் மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் முகத்தில் சிவப்பு விழுகிறது, பச்சை விழுகிறது. கண் சிமிட்டுகிறாள். சிமிட்டட்டும். சிமிட்டினால் நல்லது. சிமிட்டாமல் ஒரே இடத்தைப் பார்த்தால்தான். இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது. சிமிட்டினாள். மறுபடி சிமிட்டினாள். "லைட்டு கம்மியா எதாச்சும் இருக்குங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் நந்தகோபாலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், சிரித்த முகம். "இதுலயே லைட்டு கம்மிதானுங்க்கா. ஜாஸ்தி வேணும்னா இதப் பாருங்க" என்று இன்னொரு பெட்டியின் பொத்தானை அழுத்தினார். வானவில் உடைந்து சிதறியது போல இருந்தது. "பாப்பாவுக்குப் புடிச்சிருக்கு பாருங்க, கண்ணெடுக்காம பாக்குது." கண்ணெடுக்காமல். நான் அவள் தோளைத் தொட்டேன். "என்னம்மா?" என்றாள். பேசுகிறாள். பேசினால் சரி. "ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். அவள் என் காதருகே வந்து, "நீ எதைக் கேக்கறயோ அதத் தவிர மத்ததெல்லாம் காட்டுறாரும்மா, நல்ல ஆளு" என்று சிரித்தாள்.

கார் ஓட்டும் விளையாட்டு. அதற்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர். ஸ்டியரிங்கை மேசையில் பொருத்துவார்களாம், பெடல் கீழே வருமாம், திரையில் ரோடு ஓடுமாம். செட்டிபாளையத்தில் ரேஸ் நடக்கும் நாளில் அப்பா தோளில் உட்கார்ந்து கம்பிவேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்த பிள்ளை இவள். போன வருடம் முழுக்க எதையும் கேட்கவில்லை. புது டிரஸ் கேட்கவில்லை, போன் கேட்கவில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள். கேட்டபோது, "அங்க யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்கம்மா" என்றாள், ஏதோ பஸ்ஸில் சீட் கிடைக்காது என்பது போல. அவள் அப்பா திருப்பூரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே, "வண்டிதான் இல்லைன்னு ஆயிப்போச்சு, வண்டி மாதிரியாச்சும் ஒண்ணு இருக்கட்டும், வாங்கிக் குடு" என்றார். அவருக்குச் சுலபம். அவர் அன்றைக்குக் காரில் இல்லை. சரி, கம்ப்யூட்டர். கவனி, கோகிலா. கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம், எல்லாவற்றையும் கார் கணக்கில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ரேஸ் கேமுக்கு கிராபிக்ஸ் கார்டுதானுங்க இன்ஜின்." நல்லது, இன்ஜின் புரியும். "அப்ப பிராசஸர்னு சொன்னீங்களே?" "அதுவும் இன்ஜின்தானுங்க." "ரெண்டு இன்ஜினா?" கொஞ்சம் யோசித்தார். "அப்படி வெச்சுக்கலாமுங்க. ஒண்ணு யோசிக்கும், ஒண்ணு படம் போடும்." யோசிக்கும் இன்ஜினை நான் இருபது வருடத்தில் பார்த்ததில்லை. "ராம்?" "அது டிக்கிங்க. எவ்வளவு சாமான் வைக்கலாம்கறது." "ஹார்ட் டிஸ்க்கு?" "அதுவும் டிக்கி மாதிரிதான்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது வீட்டுல இருக்கற பீரோன்னு வெச்சுக்குங்க" என்றார். இரண்டு இன்ஜின், ஒரு டிக்கி, ஒரு பீரோ. என் வாய் தன்னால் கேட்டது. "பிரேக் எதுங்க?" அவர் கையிலிருந்த கார்டைத் திருப்பிப் பார்த்தார், அதில் எங்காவது இருக்குமோ என்பது போல. "கம்ப்யூட்டருக்குப் பிரேக் எதுக்குங்க்கா?" மிருதுளா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு விநாடி. சிரிக்கிறாள். சிரிப்புதான். தோள் குலுங்கினால் சிரிப்பாக இருக்கலாம் என்பதை முதலில் நினைக்க நான் பழக வேண்டும். சிரிப்பு முதலில். மற்றது பிறகு. மற்றது பிறகும் வேண்டாம்.

பிரேக் எதுக்கு என்கிறார். என் பிழைப்பே பிரேக்தான் தம்பி. எங்கள் சிவப்புக் காரில் இடது பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு, என் காலுக்காகப் போட்டது. ஓட்டுகிற பெண் வலது பக்கம், நான் இடது பக்கம். அவள் பார்ப்பது ரோட்டை. நான் பார்ப்பது ரோட்டையும் அவளையும். கிளாசுக்கு வருகிற பெண்கள் எல்லோரும், பேங்க் மேனேஜராக இருந்தாலும் சரி, புதுக் கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் சரி, சாய்பாபா காலனித் திருப்பத்தில் லாரியைக் கண்டதும் ஒரே கேள்வி கேட்பார்கள். "மேடம், கால் வெச்சிருக்கீங்களா?" இதற்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். பதில் என்ன, பொய்தான். என் கால் பிரேக்மேல் இருக்கும்போது, "இல்ல, நீயே ஓட்டு" என்பேன். அப்போதுதான் அந்தப் பெண் கவனமாக ஓட்டுவாள். ஒருநாள் வரும், இவள் இனி ஓட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரிகிற நாள். அன்றைக்கு என் காலை எடுத்து சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொள்வேன். அன்றைக்குக் கேட்டால் மட்டும், "வெச்சிருக்கேன், நீ ஓட்டு" என்பேன். தைரியமாக ஓட்டுவாள். தானேதான் ஓட்டினோம் என்று அவளுக்குத் தெரியாது. இருபது வருடத்தில் இதை ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை. மிருதுளா ஒருத்தியைத் தவிர. மூன்றாம் வகுப்பிலிருந்து சாயங்கால கிளாசுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். வாய்ப்பாடு படித்துக்கொண்டே என் காலைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், "நீ இருக்குன்னா இல்ல, இல்லைன்னா இருக்கு, அப்படித்தானம்மா?" என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. யாரிடமும் சொல்லாதே என்று ஒரு கடலைமிட்டாய் கொடுத்தேன். இன்றைக்குவரை சொல்லவில்லை.

அதனால்தான் அன்றைக்கும் அவள் கேட்டபோது சிரித்துக்கொண்டே கேட்டாள். லேர்னர்ஸ் வாங்கிய புதிது. பேரூர் தாண்டி சிறுவாணி ரோடு, காலை வெயில். இரண்டு பக்கமும் புளியமரம். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் வெயில், பிறகு நிழல், பிறகு வெயில். கண்ணாடிமேல் வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு. "மேடம், கால் வெச்சிருக்கீங்களா?" என்றாள், மற்றப் பெண்களைப் போலக் குரலை மாற்றி. "இல்ல, நீயே ஓட்டு" என்றேன். "அப்ப இருக்கு" என்று சிரித்தாள். அதுதான் கடைசியாகப் பேசியது. அடுத்து நான் திரும்பியபோது அவள் கண் சிமிட்டவில்லை. எதிரே எதுவும் இல்லை, வெறும் ரோடுதான், ஆனால் அதையும் அவள் பார்க்கவில்லை. பிறகு கை ஸ்டியரிங்கை இழுத்தது. அவள் இழுக்கவில்லை, கை இழுத்தது. என் கால் அங்கே இருந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது, கால் அங்கே இருந்தது என்பது. வண்டி ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது. இருந்ததால் நின்றது. கால் மடக்கியிருந்த நாளாக இருந்திருந்தால். இந்த இடத்தில் எப்போதும் சிக்கிக்கொள்வேன். ரெக்கார்டு ஓடி ஓடி ஒரு கீறலில் நிற்குமே, அது போல. இருந்திருந்தால். மோட்டார் பைக்கில் வந்த ஒருவர் இறங்கி ஓடிவந்தார். "சாவி, சாவியக் கைல குடுங்க! இரும்பு! இரும்பு!" என்று கத்தினார். நான் சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து என் கையால் மூடி அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. இரும்பால் நின்றதா, தானாக நின்றதா. இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையம்மா, அடுத்த தடவை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் எதையும் திணிக்காதீர்கள் என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன். சாவியின் பல் வரிசை அவள் கையில் ரொம்ப நேரம் பதிந்திருந்தது.

"ஸ்டியரிங் இரும்புங்களா, பிளாஸ்டிக்குங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன். டாக்டர் சொன்னது தெரியும். ஆனாலும் கேட்டேன். "வெளிய ரப்பர் கிரிப்புங்க, உள்ள மெட்டல். நல்லா கேட்டீங்க" என்று நந்தகோபால் முகம் மலர்ந்தார். "எல்லாரும் பாக்கறதுக்கு எப்படி இருக்குன்னுதான் கேப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு கேக்கறது நீங்கதான்." உள்ளே இரும்பு இருக்கிறது. சரி. இரும்பால் ஒன்றும் இல்லை. ஆனாலும் இருக்கிறது. விளக்கும் அப்படித்தான். டாக்டர் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார். தலை முழுக்கப் பசை வைத்து ஒயர் ஒட்டி, இருட்டு அறையில் கண்ணுக்கு நேராக விளக்கை விட்டு விட்டு எரிய வைத்தார்கள், மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக. என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் கதவுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுக்கு வழியாக வெளிச்சம் துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் என் வலது கால் தரையை அழுத்தியது. பிறகு கதவு திறந்து மிருதுளா தலைமுடியெல்லாம் பசையோடு வந்து, "பசிக்குதும்மா" என்றாள். விளக்கால் வருகிறது இல்லை, மாத்திரையை நேரத்துக்குப் போடட்டும், நன்றாகத் தூங்கட்டும், கம்ப்யூட்டர் பார்க்கலாம், நடுநடுவே எழுந்து நடக்கட்டும், இப்போதைக்கு நிஜ வண்டி மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். மாத்திரை ஆரம்பித்த பிறகு வரவும் இல்லை. நல்ல சேதிதானே. எனக்கு ஏன் நல்ல சேதியாகப் படவில்லை. விளக்கால் இல்லை என்றால் எதனால். சிலருக்குக் காரணம் தெரிவதில்லை அம்மா என்றார் டாக்டர். காரணம் இல்லாததை எங்கே போய் அணைப்பது. விளக்காக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்குக்கு சுவிட்ச் உண்டு. அதனால்தான் இந்தக் கடையில் நின்று விளக்கையே பிடித்துத் தொங்குகிறேனோ. தெரியவில்லை. இதை யாரிடம் கேட்பது. டாக்டரிடம் கேட்டால் சொன்னதையே சொல்வார். மிருதுளாவிடம் கேட்க முடியாது. இந்தத் தம்பியிடம் சொல்லவே முடியாது. வயசுப் பெண். ஒரு வாய்க்குப் போனால் காந்திபுரத்திலிருந்து எங்கள் கவுண்டம்பாளையம் வருவதற்குள் பத்து வாய்க்குப் போகும்.

இப்போது மானிட்டர். இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒன்று அறுபது ஹெர்ட்ஸாம், இன்னொன்று நூற்று நாற்பத்து நாலாம். "ஹெர்ட்ஸ்னா?" "ஒரு செகண்டுக்கு எத்தன தடவ படம் மாறுதுன்னுங்க. இது அறுபது படம், அது நூத்தி நாப்பத்தி நாலு படம்." வேண்டாத இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அப்படியானால் படம் என்பதே இல்லையா. ஓடுவது போலத் தெரிவதெல்லாம் நின்று நின்று மாறுகிற படங்களா. "அப்ப இது மினுக்கிக்கிட்டேதான் இருக்குங்களா?" "மினுக்குறது கண்ணுக்குத் தெரியாதுங்க்கா." "கண்ணுக்குத் தெரியாம மினுக்குதா?" இது தெரிந்து மினுக்குவதைவிட மோசமாகப் பட்டது. "மினுக்காததே இல்லீங்களா?" "ஜாஸ்தி ஹெர்ட்ஸ் எடுத்தா அவ்வளவு ஸ்மூத்தா இருக்குமுங்க." ஜாஸ்தி மினுக்கினால் மினுக்குவது இல்லாமல் போய்விடும். இதை எப்படிப் புரிந்துகொள்வது. காற்றாடி மெதுவாகச் சுற்றினால் றெக்கை தெரியும், வேகமாகச் சுற்றினால் வட்டம் மட்டும் தெரியும். அது போலவா. அப்படியானால் அந்தப் புளியமரங்கள். நான்தான் மெதுவாகப் போகச் சொன்னேன். நாற்பதுக்குமேல் போகாதே என்றேன். அவள், "அம்மா, ரோடு காலியா இருக்கு" என்றாள். நாற்பது என்றேன். மெதுவாகப் போனதால்தான் ஒவ்வொரு நிழலும் தனித்தனியாக வந்து விழுந்ததோ. வேகமாகப் போயிருந்தால் எல்லா நிழலும் ஒன்றாகக் கரைந்து. இல்லை. வேகமாகப் போயிருந்தால் பிரேக் பிடித்தும் மரத்தில். இல்லை, விளக்கால் வருகிறது இல்லை என்றுதான் டாக்டர் சொன்னாரே, நிழலாலும் இல்லை, மெதுவாலும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "எதுங்க்கா, இதா, அதா?" என்றார் நந்தகோபால். "மினுக்காதது" என்றேன். எனக்கே என் குரல் பிடிவாதக் குழந்தையின் குரல் போலக் கேட்டது. அவர் மானிட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க என்ன கேக்கறீங்கன்னே எனக்குப் புரிய மாட்டீங்குது. மானிட்டர்ல எதாச்சும் கோளாறு இருக்கும்னு பயப்படறீங்களா? மூணு வருசம் வாரண்டி இருக்குதுங்க." எதற்கு வாரண்டி. மூன்று வருடத்துக்கு எது வராது என்று எழுதித் தருவார்.

"அண்ணா, எனக்கு ஃபிட்ஸ் இருக்கு. அதான் அம்மா லைட்டு லைட்டுன்னு கேக்கறாங்க." மிருதுளா சொன்னாள். சொல்லிவிட்டாள். தண்ணி பாட்டில் எங்கண்ணா இருக்கு என்று கேட்பது போலச் சொன்னாள். அவள் வாயை என் கையால் மூடியிருக்க வேண்டும் என்று தோன்றியது, பிறகு மூடவேண்டியது என் வாயோ என்றும் தோன்றியது, அரைமணி நேரமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக் காட்டிக்கொடுத்தது நான்தானே. கடைக்காரர் முகத்தில் என்ன வரப்போகிறது. ஐயோ பாவம் வருமா. ஒரு அடி பின்னால் போவாரா. சிலர் போவார்கள், பார்த்திருக்கிறேன். "மாத்தர போடறீங்களா?" என்று கேட்டார். "போடறேண்ணா. இப்ப வர்றதில்ல. டாக்டரு விளையாடலாம்னு சொல்லிட்டாரு. எனக்கு லைட்டு ஒண்ணும் பண்ணாது. ஆனா அம்மாவுக்குப் பண்ணும்." அவர் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தாமல், ஆனால் குரலை மட்டும் இறக்கி, "இதச் சொல்றதுக்கு என்னங்க்கா? நான் ஒருத்தன், மேல மேல லைட்டப் போட்டுக் காட்டிட்டிருக்கேன்" என்றார். பிறகு செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுவரோரமாக நடந்து ஒவ்வொரு பெட்டியாக அணைத்தார். சிவப்பு போயிற்று. பச்சை போயிற்று. உடைந்த வானவில் போயிற்று. கடைசிப் பெட்டி அணைந்ததும் கடை ஒரு சாதாரண அறையாக ஆகிவிட்டது. ஒரு டியூப் லைட், மூலையில் மாலை போட்ட சாமி படம், தரையில் அட்டைப்பெட்டிகள். காற்றாடிச் சத்தம்கூட நின்றது. அந்தச் சத்தம் இத்தனை நேரம் இருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது. மிருதுளாவின் முகம் அவள் முகமாக மட்டும் இருந்தது. இப்போது எனக்கு நிம்மதி வரவேண்டும். விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பயம் அங்கேயேதான் நின்றது, வெளிச்சம் போன பிறகும் நகராமல், கூட்டம் கலைந்த பிறகு தனியாக நிற்கும் ஆளைப் போல. விளக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது போல.

அதற்கப்புறம் சாமான் எடுப்பது சுலபமாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு கறுப்புத் தகரப் பெட்டி கொண்டுவந்தார். கண்ணாடி இல்லை, விளக்கு இல்லை. "ஆபீசுக்குக் குடுக்கறதுங்க. கேமிங்னு வர்ற பசங்க இத மூஞ்சி குடுத்தும் பாக்க மாட்டாங்க. ஆனா உள்ள வைக்கறது அதே இன்ஜின்தான். கண்ணாடிப் பெட்டிக்குக் குடுக்கற காச மானிட்டர்ல போட்டுக்கலாமுங்க, நூத்தி நாப்பத்தி நாலே எடுத்துக்கலாம்." கிராபிக்ஸ் கார்டு ஒருவர் பயன்படுத்தியது வேண்டாம், சின்னதாக இருந்தாலும் புதிது போதும் என்றாள் மிருதுளா. "யாரு எப்படி ஓட்டுனாங்களோ" என்று என் வசனத்தையே என்னிடம் சொன்னாள், பழைய கார் வாங்க யோசனை கேட்கிறவர்களிடம் நான் சொல்வது. ராம் பின்னால் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாமாம். ஓடும் வண்டியில் டிக்கியைப் பெரிதாக்கலாம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். கையில் கொண்டுவந்த பணத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அவ்வளவுதான், கட்டிக் கொடுங்கள் என்று சொல்லி எழுந்துவிடலாம். அப்போது அவர், "ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க பாப்பா, ஸ்டியரிங் கைக்கு அடங்குதான்னு" என்றார். மேசையில் ஸ்டியரிங்கைத் திருகிப் பொருத்தினார், கீழே பெடலை வைத்தார். மூன்று பெடல். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர். மூன்றும் அவள் பக்கம். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார். நான் அதைத் தூக்கி அவளுக்கு இடது பக்கம் போட்டுக்கொண்டேன். போட்ட பிறகுதான் எங்கே போட்டேன் என்று கவனித்தேன். அவளும் கவனித்தாள். "தம்பி, பெடல்ல தனியா ஒரு பிரேக் மட்டும், இந்தப் பக்கம் வைக்கற மாதிரி கிடைக்குங்களா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அவர் தேடியும் பார்த்திருப்பார், நல்ல மனுஷன். கேட்கவில்லை.

ரோடு வந்தது. எந்த ஊர் ரோடோ, ஓரத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கட்டை. அவள் இரண்டாவது கியர் போட்டாள், மூன்றாவது போட்டாள். என் கால் தரையை அழுத்தியது. திருப்பத்தில் சுவர் வந்தது. அழுத்தினேன். நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன், செருப்பு வார் பெருவிரலுக்கடியில் பட்டென்று அறுந்தது, கார் போய்ச் சுவரில் மோதி, சுற்றி, பின்பக்கம் திரும்பி நின்றது. ஸ்டியரிங் அவள் கையில் தடதடவென்று ஆடியது. கை ஆடுகிறது. கை. நான் எழுந்துவிட்டேன். அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கை ஆடவில்லை. ஸ்டியரிங்தான் ஆடியது, தனியாக. "இடிச்சா ஆடும்னு அண்ணா சொன்னாரு, அதான் வேணும்னே இடிச்சுப் பாத்தேன். உக்காரும்மா." உட்கார்ந்தேன். இடித்தது. இடித்த பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். இடித்த பிறகு ஒன்றும் ஆகாமல் இருக்கிற ஒரு நிமிடத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. என் நினைப்பெல்லாம் இடிப்பதோடு நின்றுவிடும், அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இருந்ததில்லை. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள், கார் கீறல் இல்லாமல் ரோட்டில் வந்து நின்றது. மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை திருப்பத்தை ஒழுங்காகத் திரும்பினாள், உள்பக்கமாக, நான் சொல்லிக்கொடுக்காத மாதிரி, என்னைவிட நன்றாக. அதற்கு அப்புறம் ஒரு காடு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உயரமாக மரங்கள். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் சின்னதாக இரண்டு ரோடு ஓடியது. சிமிட்டினாள். நிழல் வேகமாக வந்தது. சிமிட்டவில்லை. சிமிட்டவில்லை. "மேடம்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலை மாற்றி, "கால் வெச்சிருக்கீங்களா?" குனிந்து பார்த்தேன். அறுந்த செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. என் வெறுங்கால் கடையின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, நகமெல்லாம் வெளுத்துப்போய், அங்கே இல்லாத ஒன்றின்மேல். எடுத்தேன். உடனே வரவில்லை, மரத்துப்போயிருந்தது, கையால் முழங்காலைத் தூக்கித்தான் எடுத்தேன். ஸ்டூலுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டேன். "வெச்சிருக்கேன்," என்றேன். "நீ ஓட்டு."